அழுதுவிட்டு அனுப்புங்கள்

படையில் சேரத் தேர்வாகி, பயிற்சி மையத்துக்குக் கிளம்பும் நாளை எதிர்பார்த்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். பயிற்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதை உங்களைப் பயிற்றுவிக்கும் உஸ்தாத் பார்த்துக்கொள்வார். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்கிய பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

1970இல், பதினெட்டு வயதில், நான் பயிற்சிக்காகக் குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்குப் போனேன். முப்பது வருஷம் கழித்து என் மகன் போனான். போகிறவனாகவும் இருந்திருக்கிறேன், அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவனாகவும் இருந்திருக்கிறேன். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு அழைப்பு வந்தால், அவன் அப்பாவும் அம்மாவும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். எங்கள் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்றொரு ஊர். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பி ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிவிட்டது. அப்படிப்பட்ட ஊரிலும் பிள்ளை கிளம்பும் நாளில் பெற்றவளுக்குச் சோறு இறங்காது. தாத்தா போனார், அப்பா போனார், பழகிவிட்டது என்பதெல்லாம் வெளியாள் சொல்வது.

முதலில் ஒரு கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். இப்போதைய அக்னிபத் திட்டத்தில் அக்னிவீரராகப் பதினேழரை வயதிலேயே சேரலாம். பதினெட்டு நிரம்பாத பிள்ளை என்றால், சேர்க்கைப் படிவத்தில் பெற்றவரோ பாதுகாவலரோ கையெழுத்திட்டாக வேண்டும். எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவர், கடன் பத்திரத்தில்கூட ‘எங்கே போடணும்’ என்று கேட்டுப் போட்டுவிட்டு வருகிறவர். மகனின் படிவத்தை மட்டும் என்னிடம் கொண்டுவந்து வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு வந்துதான் கையெழுத்துப் போட்டார். மகனுக்குப் பொறுக்கவில்லை. “சீக்கிரம் போடுப்பா, ஜெராக்ஸ் கடைய மூடிடப் போறாங்க” என்று தெருவில் வண்டியை முறுக்கிக்கொண்டு நின்றான். அவரோ பேனாவை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி, 1.6 கிலோமீட்டர் ஓடி, பீம் எடுத்து, ஒன்பது அடிப் பள்ளம் தாண்டி, மெடிக்கலில் கண், காது, பல், பாதம் எல்லாம் காட்டி முடித்த உனக்கு அந்தத் தாள் கடைசியாக மிச்சமிருக்கும் ஒரு வேலை. அவருக்கு அது, பிறந்ததிலிருந்து தன் பொறுப்பில் இருந்த உயிரை இன்னொருவர் பொறுப்பில் எழுதிக் கொடுப்பது. அவருக்கு ஒரு ராத்திரி கொடு. ஜெராக்ஸ் கடை காலையிலும் திறக்கும்.

அடுத்தது, அம்மா அழுவது.

நாலு பேர் வந்து, “நீ வீரத்தாய், கண் கலங்கலாமா?” என்பார்கள். வழியனுப்பும் கூட்டத்தில் யாராவது புறநானூற்றைச் சொல்வார்கள். பிறந்த வீட்டு ஆளையும் கட்டிய கணவனையும் அடுத்தடுத்த போர்களில் இழந்தும், மறுபடி பறை ஒலித்ததும் தன் ஒரே மகனை அனுப்பிய பெண்ணை ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருக்கிறார். அவள் வேலை எடுத்து மகன் கையில் கொடுத்ததைத்தான் எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள். கொடுத்த கையோடு அவனுக்கு வெள்ளை உடுத்தி, படியாத தலைமயிரில் எண்ணெய் தடவிவிடுகிறாள். அதுவும் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. எண்ணெய் தடவுகிற நேரத்தில் அவள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று மேடையில் பேசுகிறவர் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தப் புலவர், ஒரு பெண்ணாக, அந்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

என் மகன் கிளம்பியது கார்கில் முடிந்த மறு வருஷம். போர் வீட்டுத் தொலைக்காட்சிக்குள் வந்தது கார்கிலின்போதுதான். சவப்பெட்டிகள் விமானத்திலிருந்து இறங்கியதை என் மனைவி பார்த்திருந்தாள். பட்டாலிக் மலையில் உயிர் கொடுத்த திருச்சி மேஜர் சரவணனின் படத்தைப் பத்திரிகையில் பார்த்து, “யார் பெத்த புள்ளையோ” என்று அன்றைக்குச் சமையலை நிறுத்தியவள். அப்படிப்பட்டவள், சுபேதார் வீட்டம்மா அழக்கூடாது என்று எல்லோரும் சொன்னதால், மகனை அனுப்பும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊரே மெச்சியது. ஒரு மாதம் போல ஆனது. ரேஷன் கடை வரிசையில் பின்னால் நின்ற பெண் சும்மா, “பையன் நல்லா இருக்கானாக்கா?” என்று கேட்டிருக்கிறாள். இவள் அரிசிப் பையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். கடைக்காரர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து என் திண்ணைக்கு வருகிற ஒவ்வொரு தாய்க்கும் நான் சொல்வது இதுதான்: அழுதுவிட்டு அனுப்பு. பிள்ளை கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலமே, அவன் எதிரிலேயே அழு. ‘எனக்குப் பயமா இருக்கு’ என்று வாய்விட்டுச் சொல். சொல்ல வேண்டிய பேச்சு அது.

ஆனால் சொல்லக்கூடாத பேச்சும் உண்டு. ‘நீ போயிட்டா நான் உசுரோட இருக்க மாட்டேன்’, ‘உன்னை நெனச்சு உங்கப்பாவுக்கு பிரஷர் ஏறிடுச்சு’, ‘இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, வேணாம்னு சொல்லிடு’. இவை பயத்தைச் சொல்வதோடு நிற்பதில்லை. பிள்ளையின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. அங்கே அவன் தோளில் ஏற்கெனவே பையும் துப்பாக்கியும் இருக்கும். பெற்றவர்களே, உங்கள் பயத்தை அவனுக்குக் காட்டுங்கள், சுமக்கக் கொடுக்காதீர்கள். சுமக்கக் கணவன் இருக்கிறான், மனைவி இருக்கிறாள், கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள், அடுத்த தெருவில் பிள்ளையை அனுப்பிவிட்டு இருக்கிற இன்னொரு தாய் இருக்கிறாள். அவளிடம் போய் உட்காருங்கள். அவளும் யாராவது வரமாட்டார்களா என்றுதான் இருப்பாள்.

தம்பி, உனக்கும் இதில் பங்கு உண்டு. அம்மா அழும்போது, ‘சும்மா இரும்மா, எல்லாரும் பார்க்கிறாங்க’ என்று அதட்டாதே. பக்கத்தில் உட்கார். உனக்கு அழுகை வந்தால் அழு. படையில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை. அப்பா அழாமல் இருப்பார். டிரங்குப் பெட்டி வாங்கப் போவார், பூட்டு வாங்குவார், அதன் விலையைப் பற்றியே நாலு தடவை பேசுவார், உன் பெயரை வெள்ளைப் பெயின்டில் தானே எழுதுவேன் என்று அடம்பிடிப்பார். அது அவர் அழுகிற விதம். எழுத்து கோணலாக வந்தாலும் திருத்தாதே.

இப்போது பிள்ளை கிளம்பும்போது பிளெக்ஸ் பேனர், மாலை, பறை, செல்போனில் வீடியோ எல்லாம் நடக்கிறது. நடக்கட்டும். ஊர் பெருமைப்படுவதில் என்ன குறை? கிளம்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை மட்டும் வீட்டுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். காட்பாடி ஜங்ஷனுக்கு வேன் பிடித்து முப்பது பேர் போய், கடைசி நிமிஷத்தில் பெற்றவளுக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைக்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒரு மாமா செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

சரி, வண்டி போய்விட்டது. அதற்குப் பிறகு வருகிற முதல் சில வாரங்கள்தான் எல்லாவற்றிலும் கஷ்டமானவை. பயிற்சி மையத்தில் கைபேசி நினைத்தபோது கையில் இருக்காது. அனுமதி கிடைத்தபோதுதான் பேச முடியும், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். தினம் பத்துத் தடவை ‘சாப்டியா’ என்று கேட்டுப் பழகிய அம்மாவுக்கு இந்த மௌனம் தாங்காது. ‘ஏதோ ஆயிடுச்சு, மறைக்கிறாங்க’ என்று தோன்றும். ஒன்றும் ஆகியிருக்காது. அங்கே அவன் விடியுமுன் எழுந்து, படுக்கையை மடிப்பு இல்லாமல் விரித்து, சவரம் செய்து, பி.டி.க்கு ஓடி, டிரில்லுக்கு ஓடி, வகுப்பில் தூக்கத்தோடு போராடி, சாயங்காலம் விளையாடி, ராத்திரி ரோல் காலில் நின்று, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு முடித்துப் படுத்தால், தலை சாய்வதற்குள் தூங்கிவிடுவான். வீட்டை நினைக்கவே அவனுக்கு நேரம் இருக்காது. முதலில் அதைக் கேட்டால் அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் அதுதான் நிம்மதி. உட்கார்ந்து ஏங்குகிற பிள்ளையை நினைத்துத்தான் கவலைப்பட வேண்டும்.

முதல் அழைப்பு வரும். குரல் கட்டியிருக்கும். இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள். டிரில் மைதானத்தில் அடிவயிற்றிலிருந்து கத்திக் கத்தி முதல் வாரங்களில் எல்லாருக்கும் தொண்டை போய்விடும். இது தெரியாத தாய், அழுது அழுது குரல் கட்டிவிட்டது என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தூங்கமாட்டாள். அதே போல, புது பூட்ஸில் குதிகால் கொப்பளிக்கும், வெயிலில் தோல் கறுக்கும், எடை குறையும். ஹிந்தி தெரியாமல் முதலில் விழிப்பான். சில மாதத்தில் உங்களிடம் பேசும்போதே நடுவில் ‘அச்சா’ வரும். வெலிங்டன் போன்ற இடமென்றால், குன்னூர் மலையில் ஆறாயிரம் அடி உயரத்தில், விடியற்காலையில் விரல் மடங்காத குளிர். எங்கள் ஊர் வெயிலில் பிறந்தவனுக்கு அது பெரிய அடி. அதுவும் பழகும்.

சில பிள்ளைகள் அந்த முதல் அழைப்பில், “என்னால முடியல, வந்து கூட்டிட்டுப் போயிடுங்க” என்று சொல்வார்கள். பெற்றவர்களுக்குச் சொல்கிறேன், உடனே ரயில் ஏறாதீர்கள். ‘உன்னைப் போய் அனுப்பினேன் பாரு’ என்று திட்டவும் வேண்டாம். ‘எது முடியல, சொல்லு’ என்று கேளுங்கள். ஓட்டமா, சாப்பாடா, தூக்கமா, கூட இருக்கிறவன் தொல்லையா? பெயர் சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கும். ‘அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னு சொல்லு’ என்று முடியுங்கள். அடுத்த ஞாயிறு வேறு கதை பேசுவான். அடி, அவமானம், உடம்பு முடியாமல் இருந்தும் கவனிக்கவில்லை என்று அவன் சொன்னால் அது வேறு விஷயம். அதைச் சமாதானம் சொல்லி மூடாதீர்கள். மையத்துக்கு எழுதுங்கள், பேசுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் ஊரில் இருக்கும் முன்னாள் படைவீரர் யாரையாவது பிடியுங்கள். எங்களுக்கு அது கடமை.

ஒரு விஷயத்தில் எனக்குப் பலரோடு கருத்து வேறுபாடு உண்டு. ‘பிள்ளை பயிற்சியில் இருக்கும்போது வீட்டுக் கெட்ட செய்தியைச் சொல்லக்கூடாது’ என்பார்கள். நான் பயிற்சியில் இருந்தபோது என் பாட்டி இறந்துவிட்டாள். என் மனம் உடைந்துவிடும் என்று சொல்லாமல் விட்டார்கள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு இன்லாண்டு கடிதத்திலும் ‘பாட்டி சௌக்கியம்’ என்று என் தம்பி எழுதினான். விடுமுறையில் வீட்டுக்குள் நுழைந்தபோது பாட்டியின் கயிற்றுக் கட்டில் இல்லை. பாட்டி போனதை விட, அத்தனை கடிதத்தையும் நான் நம்பிப் படித்ததுதான் எனக்கு ஆறவில்லை. அதன் பிறகு பல வருஷம், வீட்டிலிருந்து ‘நலம்’ என்று எழுதி வந்தாலும் மனம் முழுசாக நம்பாது. சொல்லுங்கள். அழுத்தம் கொடுக்காமல், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். துப்பாக்கி கொடுத்துப் பொறுப்பு ஒப்படைக்கிற வயது வந்தவனுக்கு வீட்டுச் சாவைத் தாங்கும் வயதும் வந்துவிட்டது.

பயத்தை வளர்க்கிற கருவிகள் இன்று அதிகம். 1971 டிசம்பரில் போர் நடந்தபோது எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோ ஒன்றுதான். டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிக்கும் நேரத்தில் ஊரே அதன் கீழே நிற்குமாம். எங்கே முன்னேறினோம், எந்த ஊரைப் பிடித்தோம் என்று எல்லாரும் பேசிக்கொள்ள, என் அம்மா, “அங்க பனி அதிகமாமா?” என்று மட்டும் கேட்பாளாம். அக்கா பிற்பாடு சொன்னது. செய்தி முடிந்தால் ரேடியோ நின்றுவிடும். அம்மா வீட்டுக்கு வந்து மாட்டைக் கவனிப்பாள். இன்றைக்குச் செய்தி நிற்பதே இல்லை. எல்லையில் ஒரு சத்தம் கேட்டால் நாள் முழுக்கத் திரையில் அதே படம். வாட்ஸ்அப்பில் எந்த வருஷத்து வீடியோவோ இன்று நடந்ததுபோல வருகிறது. மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றிய ‘அமரன்’ படம் 2024இல் வந்தபோது, மகனைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்த ஒரு பெண் பார்த்துவிட்டு வந்து என் வீட்டில் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நல்ல படம், அந்தக் குடும்பத்துக்கு நாம் எல்லாரும் தலைவணங்க வேண்டும். ஆனால் பிள்ளை டிரில் மைதானத்தில் இடது, வலது போட்டுக்கொண்டிருக்கும்போது அவனை இப்போதே போர்க்களத்தில் வைத்துப் பார்ப்பது உங்களை நீங்களே வதைப்பது. ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது. அது வரும் நாளில் வரட்டும் அல்லது வராமல் போகட்டும். பயிற்சி மாதங்களை அதற்குக் கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் முதல் வருஷச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய் என்றால் கைக்கு வருவது 21,000. மீதி 9,000 நிதியில் சேரும். அரசும் அதே அளவு போடும். நான்கு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். ‘நாலு வருஷம் கழிச்சு என்ன?’ என்பது பெற்றவர்கள் நெஞ்சில் இருக்கிற இரண்டாவது பயம். நியாயமான பயம். இளம் வயதில் உழைப்பை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பும்போது அடுத்த வழி உறுதியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்தும்கூட. தம்பி, நீ கிளம்புமுன் அப்பாவோடு உட்கார்ந்து இதைப் பேசு. அக்னிவீரர்களுக்கு என்றே இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு உண்டு, படிப்பை விடாதே. பெற்றவர்களே, நான்கு வருஷம் கழித்து வரும் தொகையை அக்கா கல்யாணத்துக்கு என்று இப்போதே கணக்குப் போடாதீர்கள். அது அவன் அடுத்த வாழ்க்கைக்கான கைமுதல்.

பெண் பிள்ளைகளை அனுப்புகிற வீடுகளும் இப்போது இருக்கின்றன. ராணுவக் காவல் பிரிவில் 83 பெண்கள் கொண்ட முதல் அணி 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்து வெளியே வந்தது. அதிகாரிகளாக 1992 முதலே சென்னைப் பரங்கிமலையில் பயிற்சி பெற்று வருகிறார்கள். மகளை அனுப்பும் தாய்க்கு, மகனை அனுப்புகிறவளைவிடக் கூடுதலாக ஒரு சுமை: ‘பொம்பளப் புள்ளைய எதுக்கு?’ என்ற ஊரின் கேள்வி. தங்கையே, அந்தக் கேள்வி உன் காதுக்கு வரும் முன் உன் அம்மா காதுக்கு ஆயிரம் தடவை வந்திருக்கும். அவள் உன்னிடம் அதைச் சொல்லியிருக்கமாட்டாள். நீயே அவளிடம் கேட்டு, அவள் சொல்வதைப் பொறுமையாகக் கேள்.

பயிற்சி முடிந்து கசம் பரேடு நடக்கும். அவரவர் மத குருமார் முன்னிலையில், புனித நூல்கள் சாட்சியாக உறுதிமொழி எடுப்பார்கள். பெற்றவர்களை அழைத்து, ‘கௌரவ் பதக்’ என்று ஒரு பதக்கத்தைப் பெற்றவர்கள் நெஞ்சிலும் குத்துவார்கள். வரிசையில் நிற்கும் எல்லாத் தலையும் ஒரே மாதிரி இருப்பதால் எது தன் பிள்ளை என்று தெரியாமல் பல தாய்மார் தேடுவார்கள். எவ்வளவு தூரமாக இருந்தாலும் அதற்குப் போங்கள். கடன் வாங்கிப் போனாலும் தப்பில்லை. இத்தனை மாதம் மனதுக்குள் ஒரு மெலிந்த சின்னப் பையனை வைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர்கள், நிமிர்ந்து நடக்கிற இந்த ஆளைக் கண்ணால் பார்த்தால்தான் அந்தக் கவலை வடிவம் மாறும். முழுக்கப் போகாது. எனக்கு மகன் ஓய்வுபெற்று வரும்வரை போகவில்லை.

கடைசியாக, கிளம்பப் போகிறவர்களுக்கு மூன்று வேலை. பயிற்சி மையத்தின் முழு முகவரியையும் பின்கோடோடு பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அம்மா கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். பத்து அஞ்சல் உறைகளை வாங்கி, முகவரி எழுதி, அஞ்சல்தலை ஒட்டி வீட்டில் வையுங்கள். போனில் சொல்ல முடியாததை அவர்கள் எழுதட்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை அழைப்பை அப்பாவின் எண்ணுக்குப் போடுங்கள். அவர் உடனே, ‘இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்’ என்பார். ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லி, அவரிடம் பேசிவிட்டுப் பிறகு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.